கூடுதல் தகவல்

இரண்டு புள்ளி ஒன்று.
படிவத்தில் அதற்கொரு சின்னப் பெட்டி.
மூன்று தட்டில் நிறைந்துவிட்டது
நான்கு வருடம்.

அடுத்த பெட்டி பெரியது.
உங்கள் மதிப்பெண்களைப் பாதித்த சூழ்நிலை
ஏதேனும் இருந்தால் விளக்கவும்.
அறுநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்.

ஆலோசகர் ஓக்கர்ஸ்ட்ரம் நல்லவர்.
எனக்கொரு துக்கம் கிடைக்காதா என்று
அரைமணி நேரமாகத் தேடுகிறார்.
வீட்டில் யாராவது இறந்தார்களா, பிரின்?
இல்லை.
உடம்புக்கு ஏதாவது?
பத்தாம் வகுப்பில் ஒரு ஜலதோஷம்.
அப்பா, அம்மா?
ஞாயிறுதோறும் சேர்ந்து பௌலிங் போகிறார்கள்.
நாய் செத்தது, என்றேன்.
பேனாவை எடுத்தார்.
ஆனால் அது போன மாதம்.
அல்ஜீப்ராவில் நான் தோற்றபோது
நாய் நன்றாகக் குரைத்துக்கொண்டிருந்தது.
பேனாவை வைத்துவிட்டார்.

அவருடைய ஜன்னலுக்கு வெளியே டுலூத்,
பிப்ரவரி,
ஏரி எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது
என்று யாரும் கேட்காத வெள்ளை.

காசியா வ்ரோபெலுக்குச் சூழ்நிலை இருந்தது.
வாரம் மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு
அவளேதான் காரில் கூட்டிப்போனாள்.
காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்து
பௌதிகம் முழுவதையும் முடித்தாள்.
மூன்று புள்ளி ஒன்பது.
இந்தப் பெட்டியைக் காலியாகவே விட்டாளாம்.
பெரிய புள்ளிகளின் பிள்ளைகளோ
கட்டுரையைத் திருத்தவே ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள்.
என் புள்ளி
இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில்
பேருந்து தவறவிட்டவள் மாதிரி நிற்கிறது.

வகுப்பு ஜன்னலிலிருந்து தூக்குப் பாலம் தெரியும்.
தாதுக் கப்பல் வந்தால் பாலம் எழும்,
கப்பல் ஒரு முறை கூவும், பாலம் பதிலுக்குக் கூவும்.
அதைப் பார்த்துக்கொண்டே படிப்பை விட்டேன்
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
ஆனால் கப்பலையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.
பாதி நேரம் தூங்கினேன்.

நடந்தது இதுதான்:
வீட்டுப்பாடம் தராத முதல் நாள்
வயிறு கலங்கியது.
ஐந்தாவது நாள் கலங்கவில்லை.
அந்தக் கலங்காமையை
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

இரவு, பீட்சாக் கடையின் பின்மேசை.
மாவு ஒட்டிய விரலோடு தட்டினேன்:
சூழ்நிலை எதுவும் இல்லை. நான் படிக்கவில்லை.
இப்போது படிக்கிறேன்.

'இப்போது' என்ற சொல் என்னை முறைத்தது.
எத்தனை நாளாக?
அழித்தேன்.
ஏழு வாரமாகப் படிக்கிறேன்.

மீதம் அறுநூற்று நாற்பத்து மூன்று சொற்கள்
என்றது திரை.
கொடுக்காமல் விட்ட சில்லறை போல உறுத்தியது.
வேதியியலில் பி வாங்கியதைச் சேர்க்கலாமா?
அது ஒரே ஒரு தேர்வு. அதுவும் பி மைனஸ்.
சேர்க்கவில்லை.

மறுநாள் ஓக்கர்ஸ்ட்ரம் படித்தார்.
மறுபடியும் படித்தார்,
ஏழு சொல்லில் எட்டாவதைத் தேடுகிறவர் போல.
நிச்சயமாகவா? என்றார்.
இல்லை, என்றேன்.
சிரிக்கப் போனவர் இருமினார்.

கட்டணம் நாற்பது டாலர் என்றதும் அப்பா
எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை;
திருப்பித் தருவார்களா என்று கேட்டார்.
மாட்டார்கள்.
பணப்பையைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு அட்டையை நீட்டினார்,
எண்ணை நானே பார்த்துக்கொள்ளட்டும் என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
சமர்ப்பி என்பதை அழுத்தினேன்.
திரை முழுக்க வண்ணக் காகிதத் துணுக்குகள் பொழிந்தன.
நான்கு புள்ளி பூஜ்யத்துக்கும்
இதே துணுக்குகள்தானாம்,
காசியா சொன்னாள்.

நின்றபின்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏழாம் மேசையில் சீஸ் காய்ந்து கிடந்தது.
சுரண்டப் போனேன்.